விசையும் வினையும்

மரப்பலகை ஒன்று, அதன்மேல் நான்கு மூலைகளிலும் ஊசி குத்திப் பரப்பிய வெள்ளைத் தாள், தாளின் நடுவே, மெல்லிய செப்புக் கம்பியைச் சுண்டுவிரல் அளவுக்கு வளைத்துப் பற்றவைத்த ஒரு வளையம், அந்த வளையத்திலிருந்து மூன்று திசைகளில் விறைத்து ஓடும் நூல்கள், ஒவ்வொரு நூலின் முனையிலும் ஒரு சுருள்வில் தராசு. விசைகளின் இணைகர விதியை மாணவர் தம் கண்ணாலேயே கண்டு தெளிவதற்காகக் கல்லூரிப் பரிசோதனைச் சாலையில் அமைக்கும் இந்த எளிய சாதனத்தின் முன்னே, என் ஆசிரிய வாழ்வின் எத்தனையோ பிற்பகல்களை நான் கழித்திருக்கிறேன். பௌதிகத்தைக் கற்பிக்கவே அங்கே நின்றேன் என்றாலும், பௌதிகத்திற்கு அப்பாற்பட்ட ஒரு கேள்வி, நல்வினையும் தீவினையும் ஒன்றோடொன்று எவ்வாறு கூடுகின்றன என்ற கேள்வி, அந்தப் பலகையின் முன்னேதான் எனக்கு முதன்முதலில் தெளிவான உருவத்தோடு எழுந்தது.

மூன்றும் நான்கும் ஏழு என்று திண்ணையில் உட்கார்ந்து கற்ற நாள் முதல், கூட்டல் என்பது ஐயத்திற்கே இடமில்லாத செயல் என்று நம்பி நாம் வளர்கிறோம். மூன்று படி அரிசியையும் நான்கு படி அரிசியையும் எந்த மூலையிலிருந்து கொண்டுவந்து கொட்டினாலும் ஏழு படிதான். விசையில் அப்படியன்று. 3 அலகு விசையும் 4 அலகு விசையும் ஒரே பக்கம் இழுத்தால் 7; நேர் எதிரெதிரே இழுத்தால் 1; ஒன்றுக்கொன்று செங்குத்தாக இழுத்தால் 5; ஒன்றுக்கும் ஏழுக்கும் இடைப்பட்ட எந்த எண்ணும், இரண்டுக்கும் இடையிலுள்ள கோணத்தைப் பொறுத்து, விடையாக வரக்கூடும். பலகையின்மேல் ஒரு நூலை 10 நியூட்டன் விசையாலும், அதற்கு 60 பாகை விலகி நிற்கும் மற்றொரு நூலை 6 நியூட்டன் விசையாலும் இழுத்து, வளையம் அசையாமல் நடுவிலேயே நிற்கும்படி மூன்றாம் நூலைப் பிடித்தால், மூன்றாவது தராசின் முள் 14 இல் வந்து நிற்கும். பத்தும் ஆறும் பதினாறு அல்லவா? “மீதி ரெண்டு எங்க சார் போச்சு?” என்று ஆண்டுதோறும் யாராவது ஒரு பிள்ளை கேட்பான். அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் அலட்சியம் செய்ததில்லை. ஏனெனில் அதைப் போன்ற ஒரு கேள்வியை, வேறொரு கணக்கைப் பற்றி, நானே சிறுவயதில் கேட்டிருக்கிறேன்.

என் பாட்டி விளக்குமாடத்தின் இரு பக்கத்துச் சுவரிலும் கரியால் கோடு போட்டு வைத்திருந்தாள். இடப்பக்கத்துக் கோடுகள் அவள் மனமறிந்து செய்த பிழைகள்: சொன்ன பொய், பேசிய கடுஞ்சொல், வாசலில் வந்து நின்றவனை இல்லையென்று அனுப்பிவிட்ட பொழுது. வலப்பக்கத்துக் கோடுகள் ஏகாதசி உபவாசம், கோயிலில் ஏற்றிய விளக்கு, வழிப்போக்கனுக்கு இட்ட சோறு. வெள்ளிக்கிழமை மாலையில் விளக்கேற்றுமுன், இடத்தில் ஒன்றையும் வலத்தில் ஒன்றையுமாக ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வருவாள். ஆனால் இடப்பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு கோடு மட்டும், வலப்பக்கத்தில் எத்தனை மிஞ்சியிருந்தாலும், ஆண்டுக்கணக்காக அவள் கைபடாமல் நின்றது. “அதையும் அழிச்சிடலாமே பாட்டி, இந்தப் பக்கம் நிறைய இருக்கே” என்று ஒருநாள் நான் சொன்னபோது, அவள் துணியைப் பிழிந்தபடியே, “அது வேற கணக்குடா கண்ணு” என்றாள். அதற்குமேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பாட்டியின் சுவரும் சித்திரகுப்தனுடைய பேரேடும் ஒரே வகைக் கணக்கைச் சேர்ந்தவை. வரவும் செலவும் அங்கே ஒரே ஜாதிப் பொருள். ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும். மிஞ்சுவது ஓர் எண். அந்த எண்ணின் குறியைப் பார்த்துச் சொர்க்கமோ நரகமோ விதிக்கப்படும். ஜனங்களின் பேச்சில் சமயம் பெரும்பாலும் இந்தக் கணக்காகவே இருக்கிறது. நம் சாஸ்திரங்களோ வினையை இவ்வாறு கூட்டவில்லை என்பதையும், அவை கூட்டாமல் விட்டதன் காரணத்தை ஒரு செப்பு வளையமே நமக்கு விளக்கக்கூடும் என்பதையும் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுத எடுத்துக்கொண்டேன். அதற்கு முதலில் விசைகளைக் கூட்டும் விதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

விசைகள் அரிசியைப் போலக் கூடுவதில்லை என்பதை ஐரோப்பாவில் தெளிவாகக் காட்டியவர்களுள் முதன்மையானவர் சைமன் ஸ்டெவின் என்ற பிளெமிய அறிஞர். 1586 இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு சித்திரம் உண்டு. ஒரு பக்கம் மற்றதைப்போல் இருமடங்கு நீளமுள்ள இரு சாய்தளங்கள் முதுகோடு முதுகு சேர்ந்து ஒரு முக்கோணமாக நிற்கின்றன. அவற்றின்மேல், சம இடைவெளியில் 14 உருண்டைகள் கோத்த ஒரு மாலை சார்த்தப்பட்டிருக்கிறது. நீண்ட சரிவில் நான்கு உருண்டைகள், குறுகிய சரிவில் இரண்டு, மிகுந்த எட்டும் கீழே தொங்குகின்றன. நான்கு உருண்டைகள் உள்ள பக்கம் கனமானதுதானே, மாலை அந்தப் பக்கமாக வழுகி ஓட வேண்டாமா? ஓடத் தொடங்கினால் அது என்றும் நிற்காது; ஏனெனில் ஓர் உருண்டை நகர்ந்தவுடன் அதன் இடத்திற்கு மற்றோர் உருண்டை வந்து பழைய நிலையே மீண்டுவிடும். முடிவில்லாமல் தானே சுழலும் பொருள் உலகில் இல்லை; ஆகவே மாலை நிற்கிறது; ஆகவே நீண்ட சரிவிலுள்ள நான்கும் குறுகிய சரிவிலுள்ள இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்கின்றன. ஒரு கருவியையும் தொடாமல், அபத்தமான ஒன்று நிகழாது என்ற உறுதி ஒன்றையே துணையாகக் கொண்டு, எடையில் எவ்வளவு பங்கு சரிவின் திசையில் இழுக்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார். மனித புத்தியின் மீது எனக்குச் சோர்வு தட்டும்போதெல்லாம் அந்தச் சித்திரத்தை எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். நூறாண்டு கழித்து, 1687 இல், நியூட்டன் தம் பிரின்கிபியாவில் இணைகர விதியைத் தம் இயக்க விதிகளின் முதல் கிளைமுடிவாக வைத்தார்; அதே ஆண்டில் பிரான்ஸில் வரிஞான் என்பவரும் தமது நூலில் விசைகளின் சேர்க்கையை எடுத்து விளக்கினார்.

கூட்டும் முறை இதுதான். பொதுவான இரண்டு அச்சுகளை, கிழக்கென்றும் வடக்கென்றும் வைத்துக்கொள்வோம், நாம் முதலில் வரைந்துகொள்கிறோம். ஒவ்வொரு விசையும் கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு என்று பிரிக்கப்படுகிறது. கோணத்தின் கொசைனால் பெருக்கினால் கிழக்குக் கூறு, சைனால் பெருக்கினால் வடக்குக் கூறு. பிறகு கிழக்கைக் கிழக்கோடும் வடக்கை வடக்கோடும் கூட்டுகிறோம். இங்கே மட்டும் திண்ணைப் பள்ளிக் கூட்டல் செல்லும். 10 நியூட்டன் விசை கிழக்கிலிருந்து வடக்காக 30 பாகை சாய்ந்திருந்தால் அதன் கிழக்குக் கூறு 8.66, வடக்குக் கூறு 5. நேர் வடக்கே இழுக்கும் 6 நியூட்டனுக்குக் கிழக்குக் கூறே இல்லை. மொத்தம் கிழக்கே 8.66, வடக்கே 11. இவ்விரண்டின் வர்க்கங்களும் 75, 121, கூடினால் 196, அதன் மூலம் 14. சைன் என்ற சொல்லின் பின்னே நம் தேசத்து வில் ஒன்று இருக்கிறது என்பதை இந்த இடத்தில் நினைவுகூராமல் என்னால் மேலே செல்ல முடியவில்லை. வட்டத்தின் பகுதியை வில்லாகவும் அதன் இரு முனைகளையும் சேர்க்கும் கோட்டை நாணாகவும் கண்டு, அந்த நாணின் பாதியைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டு, 499 இல் ஆரியபடர் 24 படிகளில் அதன் பட்டியலை வகுத்தார். ஜ்யா என்ற அந்த வடசொல் அரபு நாட்டில் ஜீபா ஆகி, உயிரெழுத்துக் குறியில்லாமல் எழுதப்பட்டதால் மடி என்று பொருள்படும் ஜைப் என்று வாசிக்கப்பட்டு, 12 ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் போனபோது மடியைக் குறிக்கும் சைனஸ் என்றே மொழிபெயர்க்கப்பட்டது. நாணேற்றிய வில்லின் இறுக்கம் பெயரில் மறைந்துபோயிற்று. கணிதத்தில் அது மறையவில்லை.

இனி, அலகு வெக்டர். ஒரு விசையின் அளவால் அந்த விசையையே வகுத்துவிட்டால், அளவு ஒன்றாகிவிடும்; திசை மட்டும் மாசற நிற்கும். கிழக்கே 3, வடக்கே 4 என்று கூறுகளுள்ள விசையின் அளவு 5. ஐந்தால் வகுத்தால் 0.6, 0.8. இவற்றின் வர்க்கங்கள் 0.36, 0.64, கூடினால் ஒன்று. கிழக்கே 0.3, வடக்கே 0.4 என்று அதில் பத்தில் ஒரு பங்கே வலிமையுள்ள மற்றொரு விசையை எடுத்துக்கொண்டு, அதன் அளவாகிய 0.5 ஆல் வகுத்தால், வருவதும் அதே 0.6, 0.8 தான். வலியவனிடமிருந்து அவன் வலிமையையும், மெலியவனிடமிருந்து அவன் மெலிவையும் கழற்றி வைத்துவிட்டு, இருவரும் எதை நோக்கி நின்றார்கள் என்று மட்டும் கேட்கும் கேள்வி இது. 1843 அக்டோபர் 16 ஆம் நாள் டப்ளினில் கால்வாய்க் கரையோரம் நடந்துபோகையில் தம் புதிய கணிதம் மனத்தில் பளிச்சிட, அங்கிருந்த பாலத்துக் கல்லிலேயே அதன் சூத்திரத்தைக் கத்தியால் செதுக்கிய ஹாமில்டன்தான், சுமந்து செல்வது என்ற பொருளுள்ள லத்தீன் மூலத்திலிருந்து வெக்டர் என்ற சொல்லை இந்தப் பொருளில் வழங்கியவர். நீட்டுவதற்கு ஒரு பெயரும் திருப்புவதற்கு ஒரு பெயரும் தனித்தனியே வைத்து, அளவையும் திசையையும் இரண்டு வேறு தத்துவங்களாகப் பிரித்தவரும் அவரே.

இந்தப் பிரிவினை நம் வைசேஷிகர்களுக்கு அந்நியமாகத் தோன்றியிராது. கணாதர் வகுத்த ஒன்பது திரவியங்களில், நிலம், நீர், தீ, காற்று, ஆகாசம், காலம், ஆன்மா, மனம் ஆகியவற்றோடு திக்கும் ஒன்று. பரிமாணம் என்ற அளவோ திரவியம் அன்று. அது குணங்களின் வரிசையில் வைக்கப்பட்டது. அளவு ஒரு பொருளைச் சார்ந்து நிற்பது. திக்கு தானே நிற்பது, நித்தியமானது, எங்கும் வியாபித்தது. அவர்கள் கர்மம் என்று சொன்ன இயக்கத்தையும் மேலெறிதல், கீழெறிதல், உள்ளிழுத்தல், விரித்தல், செல்லுதல் என்று ஐந்தாகத் திசை பற்றியே பகுத்தார்கள். பெரிய இயக்கம், சிறிய இயக்கம் என்று பகுக்கவில்லை. ஹாமில்டனுடைய திசையும் கணாதருடைய திக்கும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது இரண்டு சாஸ்திரங்களுக்கும் செய்யும் அநியாயம். ஆயினும், எவ்வளவு என்பதைக் காட்டிலும் எங்கே என்பது அடிப்படையானது என்ற உணர்வில் இருவரும் வெகுதூரம் விலகி நிற்கவில்லை.

96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் உடையதாகச் சொல்லப்படும் திருவாரூர் ஆழித்தேரின் வடத்தை ஒருமுறை நானும் பிடித்திருக்கிறேன். பிடித்தேன் என்பதுகூட மிகைதான். பருத்த வடம் என் இரு கைகளுக்குள் அடங்கவில்லை; கூட்டம் நெருக்கியதில் விரல்நுனிகள் பட்டது எத்தனை நேரமோ, அவ்வளவே என் பங்கு. எனக்கு முன்னே தோள் திரண்ட ஆள் ஒருவர் குதிகாலை மண்ணில் ஊன்றி மல்லாந்து சாய்ந்திருந்தார். எனக்குப் பின்னே தன் தகப்பன் தோளில் இருந்த குழந்தை ஒன்று, எட்டிக் கையை வைத்து, ஆரூரா என்று கத்திக்கொண்டிருந்தது. அளவைப் பார்த்தால் எங்கள் மூவருக்கும் ஒப்பீடே இல்லை. வகுத்துப் பார்த்தால் மூவரும் ஒன்று. குழந்தை கைவைத்த புண்ணியமும் பயில்வான் இழுத்த புண்ணியமும் சமம் என்று ஊரில் சொல்வதைச் சிறுவர்களைத் திருப்திப்படுத்தும் பேச்சு என்று நான் வெகுநாள் எண்ணியிருந்தேன். அது ஒரு கணித வாக்கியம் என்று இப்போது சொல்லத் துணிகிறேன். அதே தேரில், இழுப்பவர்களுக்கு நேர் எதிராகச் சக்கரத்தின் கீழே முட்டுக்கட்டை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கட்டையைச் சற்றே சாய்த்துப் போட்டால்தான் தேர் வீதிமுனையில் திரும்பும். நேரே போட்டால்தான் நிற்கும். எதிர்த்திசையெல்லாம் பாவம் என்று நினைப்பவர்கள் ஒருதரம் அந்தக் கட்டைக்காரர்களின் கையைப் பார்க்க வேண்டும். உயிரைப் பணயம் வைத்துப் பக்தி செய்யும் கைகள் அவை.

வடங்கள் ஒரே கோட்டில் செல்வதில்லை. சற்றே விரிந்துதான் செல்லும். நடுக்கோட்டிலிருந்து 20 பாகை விலகி இழுப்பவனுடைய 100 பங்கு விசையில் 94 பங்கு தேரை முன்னே கொண்டுபோகிறது; 34 பங்கு பக்கவாட்டில் இழுக்கிறது. இந்தப் பக்கத்தவன் இழுத்த 34 ஐ அந்தப் பக்கத்தவன் இழுத்த 34 தீர்த்துவிடும். தீர்த்துவிடும் என்று சொல்கிறோமே, அது எந்தப் பொருளில் தீர்கிறது என்பதுதான் என்னை நெடுநாள் அலைக்கழித்த விஷயம். அதற்குப் போகுமுன் இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, டேன் என்ற விகிதத்தைப் பற்றியது. கூறுகள் 3, 4 ஆனால் நான்கை மூன்றால் வகுத்துக் கோணம் காண்கிறோம். 53 பாகைக்குச் சற்று மேலே வருகிறது. கூறுகள் இரண்டும் எதிர்க்குறியுடையவை, அதாவது மேற்கே 3, தெற்கே 4 என்றாலும் விகிதம் அதேதான், கருவி காட்டும் கோணமும் அதேதான். குறிகளைப் பார்த்து எந்தக் கால்வட்டம் என்று தீர்மானிக்காத மாணவன், நேர் எதிரே போகிறவனை உடன்வருகிறவன் என்று எழுதிவிடுவான். ஒரே கோட்டில் இருப்பதும் ஒரே பக்கம் போவதும் வேறு. சிசுபாலன் வாழ்நாளெல்லாம் கண்ணனையே நினைத்துக்கொண்டிருந்தான். பக்தர்களும் அதையே செய்தார்கள். கோடு ஒன்று, குறி வேறு. அப்படியிருந்தும் அவனுடைய ஜோதி கண்ணனிடமே சென்று சேர்ந்தது என்று பாகவதம் சொல்லுகிறது. கோடு தவறாமல் இருந்ததற்கே அவ்வளவு மதிப்பு உண்டா என்று நான் வியந்ததுண்டு. குறியைத் திருப்புவது இறைவன் செயலாக இருக்கலாம்.

மற்றது, சுழியைப் பற்றியது. சுழி வெக்டருக்கு அலகு வெக்டர் இல்லை. அதன் அளவு சுழி; சுழியால் வகுப்பதற்கு வழியில்லை; ஆகவே அதற்குத் திசை என்று ஒன்றைச் சொல்லவே முடியாது. எத்தனை நுண்ணிய விசையானாலும், ஓர் எறும்பு இழுக்கும் விசையானாலும், அதற்குத் திசை முழுமையாக உண்டு. இழுக்காதவனுக்கு மட்டும் அது இல்லை. எனக்கும் நல்ல நோக்கம் உண்டு, செய்யத்தான் வாய்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டே வாழ்நாளைப் போக்குகிறவனை இந்த விதி ஆழ்ந்து யோசிக்க வைக்க வேண்டும். குழந்தை வடத்தைத் தொட்டது சிறிது என்பதனால் அதன் நோக்கம் சிறிதாகிவிடவில்லை. ஆனால் தொட்டிருக்கத்தான் வேண்டும்.

இப்போது அந்த வளையத்திற்கு வருவோம். மேசைமேல் சும்மா கிடக்கும் வளையத்தைக் கிடைமட்டத்தில் எதுவும் இழுக்கவில்லை; விசைகளையெல்லாம் கூட்டினால் கிடைக்கும் தொகுபயன் சுழி. அதே வளையத்தை இரு பக்கமும் நூல் கட்டி, இங்கே 20 நியூட்டன், அங்கே 20 நியூட்டன் என்று இழுத்துப் பிடித்தாலும் தொகுபயன் சுழிதான். இரண்டு வளையமும் அசையாமல்தான் இருக்கின்றன. ஏட்டில் இரண்டுக்கும் ஒரே விடைதான் எழுதுகிறோம். ஆனால் முதல் வளையத்தின் கம்பியில் இறுக்கம் இல்லை. இரண்டாவதன் கம்பியோ ஒவ்வொரு மயிரிழையிலும் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. நியூட்டனுடைய கூட்டல், பொருள் எங்கே போகும் என்பதைத் தவறாமல் சொல்லும். அந்தப் பொருள் உள்ளே என்ன படுகிறது என்பதைச் சொல்ல அது எழுந்ததே அன்று. மாணவன் கேட்ட மீதி இரண்டுக்கும் விடை இதுதான். பத்தும் ஆறும் பதினான்கின் கோட்டுக்கு இரு பக்கமும் 3.71 வீதம் எதிரெதிராக இழுத்தன. நகர்த்தும் கணக்கில் அவை ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டன. வளையம் மட்டும் இரண்டையும் தாங்கிற்று.

வினையின் கணக்கை நம் முன்னோர் ஏன் வெறுங்கழித்தலாக வைக்கவில்லை என்பது இதன்பிறகு எனக்கு விளங்கலாயிற்று. வைசேஷிகர் குணங்களை எண்ணியபோது தர்மம் என்று ஒன்றையும் அதர்மம் என்று மற்றொன்றையும் தனித்தனியே எண்ணினார்கள். ஒரே குணத்தின் கூட்டல் குறியும் கழித்தல் குறியுமாக அவற்றைக் கொள்ளவில்லை. சுகமும் துக்கமும் அவ்வாறே இரண்டு. பாரதத்தின் இறுதியில் தருமபுத்திரர் சொர்க்கம் புகுகையில் முதலில் நரகத்தைக் காண்கிறார். துரோணரிடம் சொன்ன அந்த ஒரு சொல்லின் பயன் அது. அவருடைய புண்ணிய மலையின் முன்னே அந்தப் பொய் எம்மாத்திரம் என்று நமக்குத் தோன்றும். கழித்தலே விதியானால் அது எப்போதோ கரைந்து போயிருக்க வேண்டும். கரையவில்லை, ஒரு முகூர்த்தமேனும் அவர் அதை அனுபவித்தே தீர்த்தார். துரியோதனனும் தன் சிறு புண்ணியத்திற்காக முன்னதாகவே சொர்க்கத்தில் அமர்ந்திருந்தான். நல்லது நல்லதாகவும் தீயது தீயதாகவும் தனித்தனியே வந்து சேர்கின்றன என்பதை வியாசர் இதைவிட வெளிப்படையாகச் சொல்லியிருக்க முடியாது.

சைவ சித்தாந்தம் இதற்கும் ஒருபடி மேலே போகிறது. மெய்கண்டார் வழிவந்த அந்தச் சாஸ்திரத்தில், அருள் பதிவதற்கு முன் உயிருக்கு வாய்க்க வேண்டிய நிலையாக இருவினையொப்பு என்று ஒன்று கூறப்படுகிறது. சொல்லைக் கேட்டவுடன், நல்வினையும் தீவினையும் எடையில் சரிசமமாகித் தராசு நடுநிற்பது என்றே யாருக்கும் தோன்றும். என் பாட்டியின் சுவரில் இரு பக்கமும் கோடுகள் ஒத்துப்போகும் வெள்ளிக்கிழமை என்று தோன்றும். அவ்வாறு பொருள் கொள்ளலாகாது என்று சிவஞான முனிவர் தம் மாபாடியத்தில் விளக்கினார். ஒத்தல் என்பது வினைகளின் அளவில் நிகழ்வது அன்று, உயிரின் அறிவில் நிகழ்வது. நல்வினையின் பயன் வரும்போது மகிழ்ந்து பற்றாமலும், தீவினையின் பயன் வரும்போது வெறுத்து விலகாமலும், இரண்டையும் ஒரே தன்மையாகக் காணும் நிலை அது. வளையத்தின் மொழியில் சொன்னால், இரு பக்கமும் 20 நியூட்டன் ஆகிவிட்டதனால் வந்த சுழியை அவர் மோட்சத்தின் வாசல் என்று ஒப்புக்கொள்ளவில்லை; நூல் கட்டுவதற்கு இடங்கொடாத உயிரையே அவர் கருதினார். இவ்வளவு நுட்பமான ஒரு பேதத்தை 18 ஆம் நூற்றாண்டில், விசைக் கணிதத்தின் வாடையே இல்லாமல், ஒரு தமிழ் முனிவர் வற்புறுத்தினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

அமைதி என்று நாம் சொல்வதிலும் இந்த இரண்டு வகை கலந்து கிடக்கிறது. ஒரு குடும்பம் சண்டையின்றி இருப்பதும், ஒருவன் முகம் சலனமற்றிருப்பதும், ஒரு கிராமம் ஓசையின்றி இருப்பதும் எந்த வகைச் சுழி என்பதை வெளியே நின்று பார்ப்பவன் அறியமாட்டான். ஆசையை அச்சத்தால் கட்டி நிறுத்தியவனும் அசையவில்லை, ஆசையே அற்றவனும் அசையவில்லை. முதலாமவனைப் பழிப்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. இழுப்புக்கு எதிர் இழுப்பாவது இருக்கிறதே என்பதும் ஒரு பேறுதான், அதுவும் இல்லையானால் வளையம் தாறுமாறாகப் பறந்துவிடும். உபவாசமும் விளக்கும் வீண் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவை மனிதனை ஒரு பக்கமாக ஓடிவிடாமல் பிடித்து நிறுத்துகின்றன. செய்ததை இல்லாமல் ஆக்குவது அவற்றின் வேலை என்று நினைத்துவிடக்கூடாது என்பதே என் முறையீடு. பாட்டி அதை அறிந்திருந்தாள். அவள் அந்த ஒரு கோட்டை அழிக்காதது கணக்குத் தெரியாமையினால் அன்று என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு நாற்பது வயது கடக்க வேண்டியிருந்தது. அது யாருக்கு இழைத்த பிழையோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் காலமான பின் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். விளக்குமாடத்தின் இடப்பக்கத்தில் மேலே இரண்டு பூச்சுக்குப் பிறகும் அது மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்தது.

ஓய்வு பெற்றபோது பரிசோதனைச் சாலையிலிருந்து கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே பொருள், அந்தப் பழைய செப்பு வளையம். பலகையில் மாட்டிய நாளெல்லாம் அது நகராமல்தான் நின்றது; மாணவர் ஏடுகளில் அதன் தொகுபயன் விசை ஒவ்வொரு முறையும் சுழி என்றே எழுதப்பட்டது; நானும் சரி என்று கையொப்பமிட்டேன். இப்போது அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வட்டமாகப் பற்றவைத்த வளையம் அது. அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் நீண்டும் ஒரு பக்கம் குறுகியும் நீள்வட்டமாக இருக்கிறது.